கீழ்க்குளத்தைக் கேட்காமல்

எரிமலையின் தலையில் குளம் வெட்டியவர்கள் உலகத்தில் யாராவது உண்டென்றால் அது நம்முடைய தென்காசிப் பக்கத்து ஆட்கள்தான். சொன்னால் சிரிப்பீர்கள். ஐஸ்லாந்துக்காரர்களும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். பிறகு அவர்களே ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டு எழுதினார்கள்.

விஷயம் இதுதான். அந்த மலைமேல் ஆயிரத்தைந்நூறு அடி கனத்துக்குப் பனி உட்கார்ந்திருந்தது. பத்தாயிரம் வருடமாக உட்கார்ந்திருந்த பனி, உலகம் சூடாகச் சூடாக எண்பது வருடத்தில் உருகி ஓடிவிட்டது. பனி போனதில் ஊருக்கு வருத்தம் இருந்ததோ இல்லையோ, அடியில் அமுங்கிக் கிடந்த நெருப்புக்கு வருத்தமே இல்லை. தலைமேல் இருந்த பாரம் இறங்கியதும் அது மெல்ல நிமிர ஆரம்பித்தது. போன பாரத்துக்குப் பதிலாக ஏதாவது ஒரு பாரத்தை வைத்தாக வேண்டும், வைப்பதற்குத் தண்ணீரை விட்டால் வேறு எதுவும் இல்லை என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். ஒரே அணையாகக் கட்டினால் உடைந்தால் எல்லாம் போய்விடும். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் குளம் வெட்டி, மேல்குளம் நிறைந்து வழிவதைக் கீழ்க்குளம் வாங்கிக்கொள்கிற மாதிரி செய்தால் தப்பலாம். அப்படி வெட்டத் தெரிந்தவர்கள் யார் என்று தேடியபோதுதான் நம் ஆட்கள் அகப்பட்டார்கள்.

மொத்தம் நாற்பத்தொரு குளம். கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற வரை தண்ணீர், ஒவ்வொரு குளமும் ஒவ்வொரு நீலம். அந்த மலைக்கு நம் நாக்கில் நிற்காத ஒரு பெயர் உண்டு. நம் ஆட்கள் வெள்ளைமாடன் என்று வைத்துவிட்டார்கள். இவர்கள் போவதற்கு முன்பே வெள்ளை போய்விட்டிருந்தது, பழைய புகைப்படத்தில் பார்த்து வைத்த பெயர்.

அங்கே தண்ணீருக்குப் பொறுப்பாளி ஆவுடைச்செல்வி. நாற்பத்தாறு வயது, கடையத்துக்குத் தெற்கே நெடுங்கரைப்பட்டிக்காரி. அவள் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். குளத்தில் தண்ணீர் குறையக் கூடாது. கூடினால் கலிங்கு வழியாக வழிந்து போகும், அதில் பயமில்லை. குறைந்தால் பாரம் குறையும், பாரம் குறைந்தால் மாடன் எழுந்திருப்பான். மாடன் எழுந்தால் வானம் மங்கும், வானம் மங்கினால் நெடுங்கரைப்பட்டியில் மழை பெய்யாது. இந்த நாலும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் ஊரில் அவளுக்கு மழைக் காவல்காரி என்று பெயர். விடுமுறைக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட வழிமறித்து, "இந்த வருசம் எப்படிம்மா?" என்று கேட்பார்கள். அவளுக்கு அது பெருமையாகவும் இருக்கும், பாரமாகவும் இருக்கும்.

வைகாசி பிறந்து நாலாம் நாள். காலையில் வழக்கம்போல் கிழக்குக் கரையில் நடந்துகொண்டிருந்தவள், கரைக்கல்லில் புதிதாக ஓர் ஈரப்பட்டையைப் பார்த்தாள். மூன்றடி அகலம். நேற்றுவரை தண்ணீருக்குள் இருந்த கல் இன்று வெளியே தெரிந்தது. கரை கசிகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த குளத்துக்கு ஓடினாள். அங்கேயும் மூன்றடி. அதற்கடுத்த குளத்திலும் அப்படியே. கிழக்கில் இருந்த ஏழு குளங்களிலும் அளந்து வைத்ததுபோல் மூன்றடி குறைந்திருந்தது. கசிவு இப்படி ஒழுங்காக நடக்காது என்று அப்போதுதான் உறைத்தது.

மடை பார்க்கும் இசக்கிபாண்டி தன் கொட்டகையில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. மாடனின் தோளில் ஒன்பது வருடமாக மடை ஏற்றி இறக்குகிறவர்.

"அண்ணாச்சி, கெழக்க ஏழு குளத்துலயும் தண்ணி எங்க?"

"விட்டுட்டேம்மா."

"விட்டுட்டேன்னா?"

"மூணு மூணு அடி. நேத்துச் சாயங்காலம். நாளைக்கு மழைன்னு போட்டிருக்கான்லா, பதினாலு இஞ்சு. அவ்வளவு மழைக்குக் குளத்துல எடம் விடாண்டாமா?"

ஆவுடை அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது என்ன குளம்னு ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"தெரியும்மா. ஒம்பது வருசமாப் பாக்கேன். கொறையக் கூடாதுன்னு நானே புதுசா வார பயலுவளுக்குச் சொல்லிக் குடுக்கேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாம் தெரிஞ்சுதாம்மா இருந்திச்சு. கை கேக்கல."

அவரைத் திட்ட ஆவுடைக்கு வாய் வரவில்லை. அவருக்கு இருபத்திரண்டு வயதில், அவர்கள் ஊர் மேல்குளத்தில் மழைக்கு முன்னால் மடை திறக்காமல் வைத்திருந்து, விடியுமுன் கரை உடைந்து, அவருடைய அக்காவும் அக்கா பிள்ளையும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து மழை என்று காதில் விழுந்தால் அவர் கை மடைக்குத்தான் போகும். நம் பக்கத்தில் யாருக்கும் அப்படித்தான் போகும். மழை வருகிறது என்றால் குளத்தில் இடம் விடு. பால் குடிக்கிற காலத்திலேயே ஏறிவிடுகிற பாடம் அது. இந்தப் பாடத்தைக் கற்றவர்கள் என்பதற்காகத்தான் இவர்களைக் கூட்டிவந்தார்கள், அது இப்படித் திருப்பி அடிக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அவள் காதில் மாட்டியிருந்த மொழிக்கருவி அப்போது பேசியது.

"வணக்கம். மலை உயர்ந்துள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். உடனே வரவும்."

பேசியது சிக்ரூன். மலையைப் படிக்கிற ஐஸ்லாந்துக்காரி, ஆவுடையின் வயதுதான் இருக்கும். நேரில் கேட்டால் வாயில் பாதி கெட்ட வார்த்தையாகத்தான் வரும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கருவி அதையெல்லாம் வடிகட்டி செய்தி வாசிக்கிற தமிழில் தரும். எட்டு வருடமாக இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க ஆவுடை பாடுபட்டிருக்கிறாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சிக்ரூனின் அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் மலை ஒரு பச்சைப் படமாக இருந்தது, கிழக்குப் பக்கம் மட்டும் சிவந்திருந்தது. இசக்கிபாண்டி செய்ததை ஆவுடை ஒளிக்காமல் சொன்னாள். சிக்ரூன் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூன்று அடித் தண்ணீர் குறைந்தால் மலை இரண்டு மில்லிமீட்டர் உயர வேண்டும்," என்றாள். "நான்கு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது."

"அப்படின்னா?"

"அது காத்துக்கொண்டிருந்தது என்று பொருள்."

ஆவுடை திரைக்குக் கிட்டே போனாள். "நாளைக்கு மழை பெஞ்சா குளம் நெறைஞ்சிரும்லா? பழையபடி அமுங்கிராதா?"

"அமுங்கும். நாளை மாலைக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நேற்று நடந்தது வெளியே யாருக்கும் தெரியக்கூட வராது."

"அப்புறம் என்ன? நல்லதுதான."

சிக்ரூன் வேறொரு படத்தைப் போட்டாள். மலையின் வயிற்றுக்கு அடியில், இருபது முப்பது மைல் ஆழத்தில், ஒரு பெரிய மஞ்சள் திட்டு. முப்பது வருடத்துக்கு முன் எடுத்த படத்தில் அது ஒரு விரல் அளவு. இப்போது உள்ளங்கை அளவு.

"பனி போனதும் மேலே மட்டும் லேசாகவில்லை. அடியில் பாறை உருகுவதும் கூடிவிட்டது. நாம் வைத்த தண்ணீர், போன பனியில் இருபதில் ஒரு பங்கு. அதை வைத்து இவ்வளவு நாள் ஏமாற்றியிருக்கிறோம். இன்னும் பதினேழு வருடம் ஏமாற்றலாம். அதற்குப் பிறகு முடியாது. உருகிய பாறை மலையின் நடுவில் கிழித்துக்கொண்டு வரும், நாற்பத்தொரு குளத்துத் தண்ணீரோடு சேர்ந்து வெடிக்கும். நெருப்பும் தண்ணீரும் சந்தித்தால் புகை இருபது மைல் உயரம் போகும். அங்கே மழை கிடையாது, கழுவி இறக்க ஆள் கிடையாது. மூன்று நான்கு வருடம் சூரியனை மறைத்துக்கொண்டு நிற்கும். வடக்கே குளிரும். குளிர்ந்தால் மழை தெற்கே விலகிப் போய்விடும்."

"எந்த மழை?"

"உங்கள் மழை. ஆப்பிரிக்காவின் மழை. முன்பு ஒரு காலத்தில் இந்த நாட்டில் நிலம் பிளந்து எட்டு மாதம் எரிந்தது. அந்த வருடம் நைல் ஆற்றில் தண்ணீர் வரவில்லை."

எங்கேயோ வடக்குக் கோடியில் எரிகிற நெருப்புக்கு எகிப்தில் ஆறு வற்றுகிறது. ஆவுடை இதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பாள். அன்றைக்குத்தான் அதன் அளவு மனதுக்குள் முழுதாக இறங்கியது.

சிக்ரூன் தொடர்ந்தாள். "இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். சூடானதால் பனி போனது. பனி போனதால் மலை எழுகிறது. மலை எழுந்தால் பூமி குளிரும். குளிர்ந்தால் பனி திரும்பும். பனி திரும்பினால் மலை உறங்கும். நாம் பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான்."

"வானமும் மாடனும் நமக்கு முந்தியே பேசி வச்சிக்கிட்டாவ. நாமதான் நடுவுல போயி உக்காந்துக்கிட்டோம்," என்றாள் ஆவுடை. கருவி இதை ஐஸ்லாந்து மொழியில் எப்படிச் சொன்னதோ, சிக்ரூன் தலையை மெல்ல ஆட்டினாள்.

"இசக்கிபாண்டி செய்தது தவறு," என்றாள் பிறகு. "ஆனால் அதனால் ஒன்று தெரிந்தது. கிழக்கில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. இன்றே ஏழு குளத்தையும் முழுதாக வடித்தால், நடுவில் வராமல் கிழக்குச் சமவெளியில் பிளந்துகொண்டு வரும். அங்கே நாற்பது மைலுக்கு ஆள் கிடையாது, தண்ணீரும் இருக்காது. வெடிக்காமல் ஆறாக ஓடும். புகை தாழ்வாக நிற்கும், பெரும்பகுதியை மழை கழுவிவிடும். நாளை மழை வந்து அழுத்தினால் இந்த வழி மூடிக்கொள்ளும். அடுத்த முறை அது எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் என்று எனக்குத் தெரியாது."

"பெரும்பகுதின்னா மிச்சம்?"

"மிச்சம் மேலே போகும். ஒரு பருவமழை போகும். இரண்டாகக்கூட ஆகலாம்."

அதுதான் கணக்கு. இப்போது ஒன்று, அல்லது பதினேழு வருடம் கழித்துத் தொடர்ந்து நான்கு. மேலிடத்தைக் கேட்கலாம் என்றால், பாரக் காப்பு மன்றம் கூடுவதற்கே நாற்பது நாள் ஆகும். அவசரத்துக்கு இரண்டு கையெழுத்துப் போதும் என்று விதியில் இருந்தது. மலைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. சிக்ரூன் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தாளை நகர்த்தினாள்.

ஆவுடை பேனாவை எடுக்கவில்லை.

"கேக்கணும்," என்றாள்.

"யாரை?"

"கீழ்க்குளத்த."

சிக்ரூனுக்குப் புரியவில்லை. ஆவுடை சொன்னாள். அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மேல்குளத்துக்காரர்கள் அவசரத்துக்கு மடையைத் திறப்பதானால், கீழ்க்குளத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்காமல் திறக்கக் கூடாது. அவர்கள் சம்மதித்தால் தங்கள் குளத்துத் தண்ணீரை ஒரு சொம்பில் கொடுத்து அனுப்புவார்கள். அந்தத் தண்ணீரை மேல்மடையில் ஊற்றிய பிறகுதான் பலகை ஏறும். இசக்கிபாண்டி ஊரில் கரை உடைந்தபோதும், சொம்பு வரும்வரை காத்திருந்ததில்தான் நேரம் போனது என்று சொல்வார்கள். அப்படியும் வழக்கத்தை யாரும் விடவில்லை.

"நாம மேக்குளம். ஊரு கீழ்க்குளம். இங்க தொறந்தா அங்கதான் காயப் போவுது. கேக்காமத் தொறக்க என் மனசு வராது."

"உங்களுக்குக் கீழே எத்தனை குளங்கள் இருக்கின்றன என்று தெரியுமா?" என்று சிக்ரூன் கேட்டாள்.

ஆவுடைக்குத் தெரியும். நைல் இருக்கிறது, நைஜர் இருக்கிறது, கங்கை இருக்கிறது. "ஒண்ணையாவது கேக்கேன்," என்றாள். அந்த இடத்தில் அவள் கொஞ்சம் அவசரப்பட்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அன்றைக்கு அவள் இடத்தில் நீங்களோ நானோ இருந்திருந்தால் அந்த ஒன்றைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம்.

நெடுங்கரைப்பட்டியில் அப்போது பிற்பகல் மூன்று மணி. குளச் சங்கத்துத் தலைவி செண்பகக்கனி, ஆவுடையோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். சங்கத்து ஆட்கள் அறுபது பேரைக் கூட்டி வைத்து, பேசுவது எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாள். ஆவுடை எதையும் மறைக்கவில்லை. இசக்கிபாண்டியின் கை, நான்கு சென்டிமீட்டர், பதினேழு வருடம், எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், மடையைத் திறக்கலாமா என்று கேட்டாள்.

கூட்டத்திலிருந்து ஓர் ஆண்குரல் எழுந்தது.

"மழையில்லாத வருசத்துல நான் என்னத்தத் திங்க? மழைக் காவல்காரின்னு ஒன்ன எதுக்கு அனுப்புனோம்?"

"அவ நம்மளக் கேக்கால்லா, பதிலச் சொல்லும். ஏசாதேயும்," என்று செண்பகக்கனி அதட்டினாள்.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஆவுடை எதிர்பார்த்தது அழுகையும் சண்டையும். அதுவும் இருந்தது. ஆனால் பேச்சு போன திசை அவளுக்குப் புதிது. செண்பகக்கனி கடைசியில் திரையில் வந்தாள்.

"ஏட்டி செல்வி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. நீங்க மலையப் புடிச்சி வச்சதுலேருந்து இருவத்தாறு வருசமா ஒரு வருசம்கூட மழை தப்பல. நல்லதுதான். ஆனா குளம் ஒருநாளாவது வத்தியிருக்கா? எப்பவும் தண்ணி நிக்கி. வத்தாத குளத்துல எங்கிட்டுத் தூர் வார? பாதிக் குளம் மண்ணுதான் கெடக்கு. கரையில நின்னு பாக்கதுக்கு ரொம்பித் தெரியும், உள்ள எறங்கினா இடுப்பளவு. இன்னும் பதினேழு வருசம் போனா குளம்னு ஒண்ணு இருக்காது. அப்பம் நாலு வருசம் மழை இல்லேன்னா நாங்க பூண்டோட போயிருவோம்."

ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று இவ்வளவு காலமும் ஆவுடை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். கீழே குளம் தூர்ந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"இன்னும் நாத்துப் பாவல. இந்த வருசம் பாவாம விட்டுருதோம். குளத்தத் தூர் வாருதோம். கிட்டங்கியில ஏழு மாசத்துக்கு நெல்லு கெடக்கு. பத்தாதுதான், பாத்துக்கிடுதோம்." செண்பகக்கனி ஒரு சொம்பை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "தண்ணி எடுத்தாச்சி. ஒங்கிட்ட எப்படிச் சேக்க? நீயே அங்கன ஒரு கை அள்ளி ஊத்திக்க. மடையத் தொறந்துருட்டி."

ஆவுடை கையெழுத்துப் போட்டாள்.

குடியிருப்பில் இருந்தவர்களையெல்லாம் மேற்குத் திட்டுக்கு ஏற்றி அனுப்பினார்கள். மடைக்கு இசக்கிபாண்டியும், அவரோடு ஆவுடையும் சிக்ரூனும் மட்டும் நின்றார்கள். ஆவுடை அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து ஊற்றச் சொன்னாள். அவர் மடைமேல் ஊற்றினார். முதல் மடைப் பலகை ஏறியது, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒரே நேரத்தில் ஏழையும் திறந்தால் கரை தாங்காது என்பதால் ஒவ்வொன்றாகத்தான் வடிக்க வேண்டும். தண்ணீர் தெற்கு ஓடையில் விழுந்து போகிற சத்தத்தில் பேசுவது காதில் விழவில்லை.

மூன்றாவது குளம் வடிந்து தரை தெரிந்தபோது, சத்தம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கோடித் துணியைக் கிழிப்பது போல ஒரு நீளமான சத்தம். மூன்று பேரும் கிழக்கே திரும்பினார்கள். ஆறு மைலுக்கு அப்பால் கறுப்புச் சமவெளியில் ஒரு கோடு விழுந்தது. கோடு நீண்டுகொண்டே போனது, ஒரு மைல், இரண்டு மைல், கண் எட்டுகிற இடம்வரை. பிறகு அந்தக் கோட்டின் மொத்த நீளத்துக்கும் நெருப்பு எழுந்து நின்றது.

அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு நிதானமாக எழும் என்று ஆவுடை நினைத்திருக்கவில்லை. ஒவ்வொரு பீறலும் ஐந்நூறு அடி இருக்கும், ஆனால் எழுந்து விழ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. நெருப்பின் சத்தம் கடைசியில்தான் வந்து சேர்ந்தது, காதில் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலில் தெரிந்தது. ஆரஞ்சு நிற ஆறு ஒன்று சமவெளியில் இறங்கி, அவசரமே இல்லாமல் கடலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. ஆறு மைல் தள்ளி நின்ற முகத்தில் சூடு படிந்தது. இத்தனை வருடம் தன் கால் இதன் மேல்தான் நின்றிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. கும்பிட்டாள். இசக்கிபாண்டி அழுதுகொண்டிருந்தார். எட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சிக்ரூனின் சொல்லை மொழிபெயர்க்க முடியாமல் கருவி மௌனமாக இருந்தது.

"நாலாவது மடைய ஏத்தட்டுமாம்மா?" என்று இசக்கிபாண்டி கேட்டார்.

அதற்குள் ஆவுடையின் செல்போன் அடித்தது. நெடுங்கரைப்பட்டிக் கூட்டத்தை யாரோ படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். செண்பகக்கனி தூக்கிய சொம்பு மூன்று மணி நேரத்தில் உலகம் சுற்றி வந்துவிட்டது. அழைத்தவளின் முகத்தை ஆவுடை முன்பு பார்த்ததில்லை. முப்பது வயது இருக்கும், தலையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தாள். அவளுக்குப் பின்னால் மண் சுவரும், அதற்குப் பின்னால் அகலமான ஓர் ஆறும் தெரிந்தன.

"வணக்கம். என் பெயர் ஃபாந்தா. மாலி நாட்டில் நைஜர் ஆற்றங்கரையில் நெல் பயிரிடுகிறேன். மேல்குளத்தின் பொறுப்பாளர் தாங்கள்தானா?"

"ஆமா."

"எங்கள் ஊர் தங்கள் குளத்துக்குக் கீழே இல்லையா?"

சிக்ரூன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருக்கு," என்றாள் ஆவுடை. "கீழதான் இருக்கு. ஒங்கள நான் கேக்கல. தப்புத்தான்."

"இன்னும் எத்தனை மடைகள் மூடியிருக்கின்றன?"

"நாலு."

"அப்படியானால் இப்போது கேளுங்கள்."

ஆவுடை இசக்கிபாண்டியின் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினாள். பிறகு போனை நெருப்பின் பக்கம் திருப்பி, அந்தப் பெண் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அந்தப் பக்கத்தில் பல பேர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். ஒரு மழை, கூடினால் இரண்டு. இல்லையென்றால் பதினேழு வருடம் கழித்து நான்கு. கேட்டுவிட்டு ஃபாந்தா ஊராரோடு பேசப் போனாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள், நாளைக்கு என்று சொன்ன மழை முந்திக்கொண்டு, மேற்கே வானம் கறுத்து, காற்றில் ஈர மணம் வந்துவிட்டது.

ஃபாந்தா திரும்பி வந்தாள்.

"போன வருடம் வெள்ளம் வந்து எங்கள் களஞ்சியத்தைக் கொண்டுபோய்விட்டது. எங்களிடம் இருப்பது ஒரு விதைப்புக்கான விதை மட்டும்தான். அதை விதைத்து மழை பொய்த்தால், அடுத்த வருடம் விதைக்க எதுவும் இருக்காது. உங்கள் ஊரில் ஏழு மாத நெல் இருப்பதாக அந்தப் பெண் சொன்னதைக் கேட்டோம். எங்களிடம் இல்லை." அவள் பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "திறக்க வேண்டாம். இந்த அறுவடை முடிந்து விதை சேர்த்த பிறகு கேளுங்கள். அப்போது சரி என்போம்."

சிக்ரூன் ஆவுடையின் தோளைத் தொட்டாள். "மூன்று குளத்தோடு நிறுத்தினால் உள்ளே இருக்கும் நெருப்பில் பாதிதான் வெளியேறும். மழை வந்து வழியை மூடிவிடும். அடுத்த வருடம் இந்த வழி கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது."

"தெரியும்."

"ஏற்கெனவே மேலே போன புகைக்குக் கொஞ்சம் மழை போகத்தான் செய்யும். அதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்."

ஆவுடை அதையும் சொன்னாள். பாதி மழை குறையலாம், தண்ணீர் அதிகம் கேட்காத பயிராக வையுங்கள், விதையைப் பாதி மட்டும் போடுங்கள் என்றாள். ஃபாந்தா ஒவ்வொன்றையும் பின்னால் நின்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

"அண்ணாச்சி, மூணு மடையவும் எறக்கிருங்க," என்றாள் ஆவுடை. "ரொம்பட்டும்."

மழைக்கு முன்னால் மடையை இறக்கு என்று யாராவது சொன்னால் இசக்கிபாண்டி அடிக்கப் போவார். அன்றைக்கு அவரே மடைக்குப் போனார். சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார், ஒவ்வொரு பலகையாக இறங்கி உட்கார்ந்தது. மூன்றாவது பலகை உட்காரும்போது முதல் துளி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மழை கனத்துப் பிடித்துக்கொண்டது. கிழக்கே நெருப்பு முழுவதிலும் வெள்ளை ஆவி எழுந்து, மாடன் பழைய புகைப்படத்தில் இருந்ததுபோல் வெளுத்து நின்றான்.

போனில் இன்னும் ஏழு அழைப்புகள் காத்திருந்தன, ஏழும் வேறு வேறு நாடுகள். செண்பகக்கனியிடமும் சொல்ல வேண்டும். மழை வருமா, நாற்றுப் பாவவா, தூர் வாரவா என்று அவள் கேட்பாள், முழுதாகப் பதில் சொல்ல இவளிடம் எதுவும் இல்லை. ஆவுடை மழைக் கோட்டுக்குள்ளிருந்து குறிப்பேட்டை எடுத்து, ஒரு புதுப் பக்கத்தில் அடுத்த வருடத்து வைகாசி, கேட்க வேண்டிய கீழ்க்குளங்கள் என்று எழுதினாள். பிறகு ஃபாந்தாவிடம் அவர்கள் ஊரின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, எழுத்து எழுத்தாகக் கேட்டு, சரியாக எழுதிக்கொண்டாள்.